குரைப்பு ஒரு வழக்கு, கடி வேறொரு வழக்கு

பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேச்சு தொடங்கினால் இரண்டு விஷயங்கள் கலந்தேதான் வரும். "ராத்திரியெல்லாம் குரைக்குது, தூங்க முடியல, ரோட்டுல போறவங்க மேல பாயுது, என்னைக்காவது ஒருநாள் யாரையாவது கடிச்சு வைக்கும்." சொல்கிறவருக்கு இது எல்லாம் ஒரே தொல்லை. கேட்கிற நாய்க்காரருக்கோ பின்பாதி வீண்பழி. தன் நாய் இதுவரை யாரையும் கடித்ததில்லை என்று அவருக்குத் தெரியும். அதையே பிடித்துக்கொண்டு அவர் வாதாட ஆரம்பித்ததும், முன்பாதியில் இருந்த நியாயமான புகார் காணாமல் போய்விடும். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று போவதுதான் மிச்சம்.

அதனால்தான் சொல்கிறேன்: சத்தத்தை ஒரு வழக்காகவும் சீற்றத்தை வேறொரு வழக்காகவும் நடத்துங்கள். நாளெல்லாம் குரைக்கிற நாய் யாரிடமும் பல் காட்டாத சாதுவாக இருக்கலாம். கடிக்கக்கூடிய நாய் சத்தமே இல்லாமல் கேட்டுக்குப் பின்னால் விறைத்து நிற்கலாம். குரைப்புக்கு அவகாசம் கொடுக்கலாம். வாரக்கணக்கில் பேசி, பழக்கி, மெல்ல மெல்லத்தான் அது குறையும். ஆள் மேல் பாய்கிற நாய்க்கு அந்த அவகாசம் கிடையாது. அன்றைக்கே அதை அடைத்து வைத்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பேச்சு, ஒரே புகார்க் கடிதம் என்றால் இரண்டுமே நடக்காது.

முதலில் குரைப்பை எடுத்துக்கொள்வோம்.

"எங்க நாய் குரைக்கவே குரைக்காதே" என்று நாய்க்காரர் சொன்னால், பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். தனியாக விடப்படும்போது கத்துகிற நாய், வீட்டில் ஆள் இருக்கும்போது வாயைத் திறக்காது. அவர் திரும்பி வரும்போது அது வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கும். அந்த நாய் கத்துவதை உலகத்திலேயே கேட்காதவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். இன்னொரு வகை, நாய் கட்டியிருக்கும் இடம் உங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டியிருக்கும். அவர் படுப்பது வீட்டின் மறுகோடியில். மூன்றாவது, பழகிப்போன காது. வருஷக்கணக்கில் நாய் வளர்க்கிறவரின் காது குரைப்பை வடிகட்டிவிடும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் போய்ச் சண்டை போடுவது வீண்.

அதைத் தெரிந்துகொள்ள, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு குரைக்கும் குரல் தடித்து, கரகரத்து, இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வரும். காரணம் கடந்து போனதும் அடங்கிவிடும். தனியாக விடப்பட்ட நாயின் குரல் மெலிந்து, உயர்ந்து, ஒவ்வொரு குரைப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டு வரும்; ஊளையும் சிணுங்கலும் சேரும், கதவைப் பிராண்டும் சத்தமும் சேரலாம். ஹங்கேரியின் புடாபெஸ்டில் உள்ள ஓட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பல சூழல்களில் பதிவு செய்த குரைப்புகளை மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாய் வளர்த்தவர்கள், வளர்க்காதவர்கள் இரு தரப்பாருமே, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடத் தெளிவாகச் சூழலை அடையாளம் கண்டார்கள். ஆகவே இது நிபுணர் வேலை இல்லை. எரிச்சல் சற்று அடங்கியிருக்கும் நேரத்தில் கேட்டால் யாருக்கும் பிடிபடும்.

அலுப்பில் வரும் குரைப்பு இன்னும் வேறு. ஒரே தாளத்தில், ஒரே சுருதியில், கேட்பாரில்லாமல் முக்கால் மணி, ஒரு மணி என்று ஓடும். நாளெல்லாம் கட்டிப்போட்ட நாயிடம் இதைத்தான் அதிகம் கேட்கலாம். கவனத்துக்காகக் குரைக்கும் நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டு நிறுத்தும், யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி குரைக்கும். இத்தனை நாள் அமைதியாக இருந்த வயதான நாய் திடீரென்று நள்ளிரவில் குரைக்கத் தொடங்கினால், அது பயிற்சிக்கான விஷயமே இல்லை. வலி, காது கேளாமை, கண் மங்கல், மூளை முதுமையால் வரும் தடுமாற்றம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அடுத்தது பதிவு. இதில்தான் பலரும் சோம்பல்படுகிறார்கள், பின்னால் அதற்கு வருந்துகிறார்கள். "எப்பப் பார்த்தாலும் குரைக்குது" என்ற வாக்கியத்தை நாய்க்காரரும் ஏற்க மாட்டார், குடியிருப்போர் சங்கமும் ஏற்காது, அதிகாரியும் ஏற்க மாட்டார். ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், ஓயாமலா விட்டு விட்டா, எந்தப் பக்கத்திலிருந்து, அப்போது தெருவில் என்ன நடந்தது, நாய்க்காரர் வீட்டில் இருந்தாரா. குரைக்காத நாட்களையும் எழுத வேண்டும். அமைதியான நாளையும் குறித்து வைத்திருக்கும் நோட்டைத்தான் மூன்றாவது மனிதர் நம்புவார்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"செவ்வாய். காலை 9.10க்கு வண்டி கிளம்பியது. 9.25 முதல் 10.05 வரை விட்டு விட்டு, நடுவில் ஊளை. பிறகு 11 மணி வரை சத்தமில்லை. புதன். இரவு 11.40 முதல் 11.43 வரை. தெருவில் ஒருவர் நடந்து போனார். அவர் போனதும் நின்றது."

செவ்வாய்க்கிழமை வரியைப் பாருங்கள். ஆள் கிளம்பிக் கால் மணிக்குள் தொடங்குகிறது, ஊளை சேர்கிறது, களைத்ததும் ஓய்கிறது. பிரிவுத் துயரத்தில் கத்தும் நாய்க்கு இது அச்சு அசலான அடையாளம். புதன்கிழமை வரி புகாரே இல்லை. எந்த நாயும் செய்வதைத்தான் அது செய்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால், கேட்கப் போவது என்ன என்பதும் தெளிவாகிவிடும்: இரவு நேரத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், காலை ஒன்பதிலிருந்து பத்து வரையை மட்டும் சரிசெய்தால் போதும்.

பதிவில் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்: குரைப்பது எந்த நாய்? எதிரொலிக்கும் சுவர்களுக்கு நடுவே திசை பெரிதாக ஏமாற்றும். இரண்டு வீட்டில் நாய் இருந்தால், ஒன்று தொடங்கி மற்றொன்று பதில் சொல்லும். பழி மட்டும் பெரிய நாய் மேல் விழும். குரைக்கும்போதே ஒருமுறை மாடிக்கோ வாசலுக்கோ போய்க் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டெசிபல் அளக்கும் செயலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். போனின் மைக் அளவீட்டுக்காகச் சீர் செய்யப்பட்டதில்லை, அதனால் அது காட்டும் எண்ணை ஆதாரமாக நீட்ட முடியாது. அதே போன், அதே ஜன்னல், அதே இடம் என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கும் அடுத்த வாரத்துக்கும் ஒப்பிடப் பயன்படும், அவ்வளவுதான். குரைப்பின் வலிமை உண்மையிலேயே பெரியது என்பதில் சந்தேகமில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2012இல் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவரின் குரைப்பு 113.1 டெசிபல் என்று அளக்கப்பட்டுக் கின்னஸ் பதிவானது. சாதாரண நாய் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கையறைக்குள் இரவின் சராசரிச் சத்தம் 30 டெசிபலையும், தனித்தனிச் சத்தங்கள் 45 டெசிபலையும் தாண்டாமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது என்கிறது. குரைப்பில் சிக்கலே இந்தத் தனித்தனிச் சத்தம்தான். இரவு முழுவதற்கும் சராசரி போட்டால் அது காணாமல் போய்விடும்; தூங்குகிறவரையோ ஒவ்வொரு குரைப்பும் தனித்தனியாகத் தூக்கிப் போடும். ஆகவே எண்ணைவிட, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம்.

ஒலிப்பதிவும் தேவை. பதிவைத் தொடங்கும்போது தேதியையும் மணியையும் வாயால் சொல்லுங்கள், ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள், நடுவில் வெட்டாதீர்கள். கேமராவை அவர்கள் வீட்டு முற்றத்துக்குள் திருப்பி வைக்கக் கூடாது. நாயின் வழக்கு அந்தரங்கத்தில் தலையிட்ட வழக்காக மாறி, நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

இப்போது பேச்சு. நாய் குரைத்துக்கொண்டிருக்கும்போது, தூக்கம் கெட்ட ஆத்திரத்தோடு போய் மணி அடிக்காதீர்கள். நான்கு பேர் பார்க்கக் கேட்டில் நின்று பேசாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் முதல் புகாரைப் போடவே போடாதீர்கள். அங்கே ஒருவரைக் கூனிக்குறுக வைத்துவிட்டு, மறுநாள் நாயைப் பழக்கச் சொல்ல முடியாது. பகலில், தனியாக, கையில் பதிவோடு போங்கள். நாயைப் பற்றிய அக்கறையோடு தொடங்கினால் அவர் காது கொடுப்பார்:

"சார், நீங்க வீட்ல இருக்கும்போது ஒரு தொந்தரவும் இல்ல. காலையில நீங்க கிளம்பினதும் முக்கால் மணி நேரம் போல ரொம்ப அழுவுது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல, அதான் ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

இதில் குற்றச்சாட்டு இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒரே ஒரு நேரம், ஒரே ஒரு பிரச்சினை. "நாயை வேற எங்கயாவது விட்டுடுங்க" என்று அந்த முதல் பேச்சில் வாய் தவறியும் சொல்லக் கூடாது. நாயை வீட்டுப் பிள்ளையாக நினைக்கிறவரிடம் அதைச் சொன்ன பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் ஏறாது. பேசி முடிக்கும்போது ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: "ரெண்டு வாரம் கழிச்சு எப்படி இருக்குன்னு நானே சொல்றேன் சார்." நடுவில் குரைத்தால் செய்தி அனுப்பலாமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, புகார் வந்து சேர்ந்த நாய்க்காரர்களுக்கு. முதல் வேலை, மறுத்துப் பேசுவதற்கு முன்னால் ஒரு பழைய போனை வீட்டில் பதிவில் போட்டுவிட்டு வெளியே போவது. முதல் முக்கால் மணி நேரத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். கதவருகே அலைவது, மூச்சிரைப்பு, எச்சில் ஒழுகுவது, வைத்துவிட்டுப் போன சாப்பாட்டைத் தொடாமலிருப்பது எல்லாம் பதற்றம். ஜன்னலில் ஏறி நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் விரட்டினால் அது காவல்.

காவல் குரைப்பை நிறுத்துவது கடினமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, தபால்காரர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போயிருப்பார். ஆனால் நாயின் கணக்கில், தான் குரைத்ததால்தான் போனார். தினமும் இந்த வெற்றி கிடைப்பதால் பழக்கம் இறுகுகிறது. இதை உடைக்கப் பார்வையை மறைக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் நாயின் கண்மட்டத்துக்கு மேல் வரைக்கும் ஒளி மட்டும் புகும் படலத்தை ஒட்டுங்கள்; அது சோபாவில் ஏறி நிற்குமென்றால் அந்த உயரத்தைக் கணக்கில் எடுங்கள். கம்பி கேட்டின் கீழ்ப்பாதிக்குத் தகடு அடியுங்கள். இரவில் நாயைத் தெருப் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றுங்கள். இந்த ஒன்றே பல தகராறுகளை முடித்துவிடும், பயிற்சியே தேவைப்படாது. அதன் மேல் பயிற்சி: இரண்டாவது மூன்றாவது குரைப்பிலேயே அமைதியான குரலில் பெயர் சொல்லி அழைத்து, உங்களிடம் வந்ததும் தின்பண்டம் கொடுங்கள். உள்ளே இருந்து "ஏய், சும்மா இரு!" என்று கத்துவதில் பயனில்லை, நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே நாய் எடுத்துக்கொள்ளும்.

தனிமைப் பதற்றம்தான் இருப்பதிலேயே மெதுவாகத் தீர்வது. வெளியே போய் ஐந்து வினாடியில் திரும்பி வாருங்கள், பிறகு பத்து, பிறகு இருபது. நாய் பதறத் தொடங்கும் முன்பே திரும்ப வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. சாவியை எடுப்பது, செருப்பு போடுவது போன்றவற்றைக் கண்டாலே பதறும் நாயாக இருந்தால், வெளியே போகாமல் அவற்றை மட்டும் பல தடவை செய்து அர்த்தமிழக்கச் செய்ய வேண்டும். பலருக்கும் இது தோற்பதற்குக் காரணம் ஒன்றே: காலையில் வினாடிக் கணக்கில் பயிற்சி, பத்து மணிக்கு எட்டு மணி நேரம் தனியே விட்டுவிட்டு வேலைக்கு. பயிற்சி நடக்கும் வாரங்களில், அது தாங்கும் நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது. உறவினர், நண்பர், பகல் காப்பகம், வீட்டிலிருந்து வேலை என்று ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும். புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரே பகலில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள முன்வந்தால் அதைவிட நல்லது இல்லை. கடுமையான பதற்றத்துக்குக் கால்நடை மருத்துவர்கள் க்ளோமிப்ரமின், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மருந்துகளைப் பயிற்சியோடு சேர்த்துத் தருவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைத் தாமாகக் கொடுக்கவே கூடாது. துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகும் என்பதும் பெரும்பாலும் நடக்காது, இந்த நாய் தேடுவது மனிதரை.

கவனத்துக்காகக் குரைக்கும் நாயைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்டுகொள்ளாமல் விட்டதும் முதலில் குரைப்பு கூடும் என்பது பலருக்குத் தெரியாது. இதுவரை வேலை செய்த வழி வேலை செய்யவில்லையென்றால், நாய் இன்னும் உரக்க, இன்னும் நெடுநேரம் முயன்று பார்க்கும். அந்த உச்சத்தில் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்டால், அரை மணி நேரம் குரைத்தால்தான் கதவு திறக்கும் என்று நீங்களே கற்றுக் கொடுத்தவராகிறீர்கள். ஆகவே தொடங்குவதற்கு முன் இரு பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிடுங்கள்: "அடுத்த சில நாள் கொஞ்சம் அதிகமா இருக்கும், பொறுத்துக்கோங்க." முன்கூட்டிச் சொன்ன சத்தத்தை மனிதர்கள் எவ்வளவோ பொறுத்துக்கொள்வார்கள்.

மின்னதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டைகளை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குரைத்ததும் வலிக்கிறது, அந்த நேரத்தில் கண்முன் நிற்பது எதிர்வீட்டுக் குழந்தை. வலிக்குக் காரணம் அந்தக் குழந்தைதான் என்று நாய் முடிச்சுப் போட்டால், குரைக்கிற நாய் கடிக்கிற நாயாகும். மணம் பீய்ச்சும் பட்டைகள் அவ்வளவு கொடுமை இல்லை, ஆனால் பக்கத்து நாய் குரைத்தாலும் சில இயங்கிவிடும், பல நாய்களுக்குச் சீக்கிரமே பழகியும் போகும். புகார்க்காரர்கள் வாங்கி வைக்கும் மீயொலிக் கருவிகள் இன்னொரு தலைவலி. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். அந்த ஒலி சுவரைத் தாண்டாது. தாண்டாத இடத்தில் பயனில்லை, எட்டுகிற இடத்தில் குரைக்காத நாய்களையும் சேர்த்து வதைக்கும். குரல்நாணை அறுக்கும் அறுவை சிகிச்சையைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. அது குரைப்பின் காரணத்தைத் தொடுவதேயில்லை, தழும்பு வளர்ந்து கரகரத்த குரல் திரும்பி வருவதும் உண்டு.

சத்தத்தைத் தடுக்கும் வழியில் ஒன்றிரண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஆகவே நாயின் இடத்தை உங்கள் ஜன்னலிலிருந்து 3 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் வரை குறைவு, காதுக்குப் பாதியைவிடக் குறைவாகத் தெரியும். நாய்க்கும் ஜன்னலுக்கும் நடுவே நேர்க்கோட்டை மறைக்கும் கனமான சுவர் இருந்தால் இன்னும் சில டெசிபல். செடி வரிசை பார்வையை மறைக்கும், சத்தத்தை அவ்வளவாக மறைக்காது. உங்கள் பக்கத்தில், தடித்த திரையைவிட ஜன்னல் சட்டத்தின் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைப்பது அதிகம் உதவும். காற்று புகும் இடுக்கு எதுவோ அதுவே சத்தம் புகும் இடுக்கு.

இரண்டாவது வழக்குக்கு வருவோம். இதில் என் குரல் மாறும், மாறத்தான் வேண்டும்.

நாய் பாயும் தன்மையுள்ளதா என்பதைக் குரைப்பை வைத்து முடிவு செய்யாமல் உடலைப் பாருங்கள். உடல் விறைத்து, எடை முன்கால்களில் சாய்ந்து, வாய் மூடி, கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றால் எச்சரிக்கையாகுங்கள். வால் உயர்ந்து மெல்ல விறைப்பாக ஆடுவதும் அதில் சேரும். வாலாட்டினால் நட்பு என்பது எப்போதும் உண்மையில்லை. உறுமல் என்பது நாய் தரும் கடைசி எச்சரிக்கைகளில் ஒன்று. உறுமியதற்காக அடித்தால் உறுமல் நிற்கும், எரிச்சல் நிற்காது. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் படும். பக்கத்து வீட்டார் உறுமும் நாயை அடிப்பதைப் பார்த்தால், அதை நிறுத்தச் சொல்வது உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

கடி நடந்துவிட்டது என்றால் எப்படிப்பட்ட கடி என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படிநிலைகள் இதற்கு உதவும். முதல் படியில் பாய்ச்சலும் சீற்றமும் மட்டும், பல் படவில்லை. இரண்டாவதில் பல் பட்டது, குத்திய துளை இல்லை. மூன்றாவதில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் ஆழமில்லை. நான்காவதில் அதைவிட ஆழம், அழுத்திப் பிடித்த கன்றலோ உதறிய கிழிசலோ இருக்கும். ஐந்தாவது அப்படிப் பல கடிகள். ஆறாவது மரணம். முதல் இரண்டு படியில் இருக்கும் நாய் பயிற்சியில் திருந்தும் வாய்ப்பு மிக அதிகம். நான்காவது படியைத் தொட்ட நாயைப் பயிற்சியாளர் ஒருவரை நம்பி மட்டும் தெருவில் நடத்தக் கூடாது. "கடிச்சிடுச்சு" என்ற ஒற்றைச் சொல்லில் இந்த ஆறும் ஒன்றாகத் தெரிவதால்தான், ஒரு தரப்பு மிகையாகவும் மறு தரப்பு குறைவாகவும் பேசுகிறது.

அடைத்து வைப்பதில் தவறுவது பெரும்பாலும் கேட். சுவர் உயரமாக இருக்கும், கேட் தாழ்ப்பாள் காற்றுக்கே திறக்கும். பொருள் கொண்டுவருகிறவர் திறந்து போட்டுவிட்டுப் போவார், குழந்தை சைக்கிளோடு ஓடும். தானாகச் சாத்திக்கொண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் வேண்டும், அதற்கு உள்ளே இன்னொரு சிறு கேட் இருந்தால் ஒன்று திறந்திருந்தாலும் மற்றது காக்கும். பெரிய நாய்க்கு வேலி 1.8 மீட்டராவது இருக்கட்டும். கம்பி இடைவெளியில் மூஞ்சி வெளியே நீளக் கூடாது. நடைபாதையை ஒட்டிய கேட்டில் நடக்கும் பல கடிகள் இந்த இடைவெளி வழியாகத்தான். தோண்டும் நாயாக இருந்தால் வேலிக்கு அடியில் வலையைப் புதைக்க வேண்டும். சங்கிலியில் கட்டிப்போடுவதைத் தீர்வாக நினைப்பவர்கள் பலர். விலகிப் போக முடியாத நாய் முந்திக்கொண்டு தாக்கும், நாள்படக் கட்டிப்போட்டால் சீற்றம் கூடவே செய்யும்.

வெளியே கூட்டிப்போகும்போது 1.5 முதல் 2 மீட்டர் நீளமுள்ள, நீண்டு சுருங்காத வார் வேண்டும். நீண்டு சுருங்கும் வகையில், பாயும் நாயைக் கடைசி நொடியில் நிறுத்த முடியாது. கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் மூடியில் (மஸில்) கூடை வடிவம்தான் சரி. அதைப் போட்டபடி நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை மருத்துவரிடம் சில நிமிடங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது, வெப்பத்தில் நாய் மூச்சு முட்டிப்போகும். கூடைக்குள் தின்பண்டம் வைத்து, தானாக மூக்கை நுழைக்கப் பழக்கி, பிறகுதான் கூடையின் வாரை மாட்ட வேண்டும். முதல் நாளே திணித்து மாட்டினால் அதைக் கண்டாலே ஓடும்.

ஒரு நாய் உங்களை நோக்கி ஓடி வந்தால் ஓடாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி நின்று, கண்ணைப் பார்க்காமல், கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பை, குடை எதுவாக இருந்தாலும் நடுவில் நீட்டுங்கள். சைக்கிளில் போனால் இறங்கி, சைக்கிளை நடுவில் நிறுத்துங்கள். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, பின்கழுத்தைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு இதை விளையாட்டாகவே சொல்லி நடித்துக் காட்டிப் பழக்கலாம். இரண்டு நாய்கள் சண்டையிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். தண்ணீர் ஊற்றுங்கள், பலகையை நடுவில் செருகுங்கள்.

கடித்துவிட்டால், யார் தப்பு என்ற பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். வேறு எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் ரேபிஸ் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப்பொருளான இம்யூனோகுளோபுலினையும் புண்ணைச் சுற்றிப் போட வேண்டியிருக்கும், தையலைக் கூடியவரை தள்ளிப்போடுவார்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அதனால் "அது ஊசி போட்ட நாய்தான்" என்ற சமாதானத்தில் வீட்டில் இருந்துவிடக் கூடாது. நாய்க்காரரிடம் தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நாயை 10 நாள் கண்காணிக்க வேண்டும், அதுவரை அதை விரட்டவோ கொல்லவோ விடாதீர்கள். நாய் போய்விட்டால் மருத்துவருக்குக் கிடைக்கவேண்டிய முக்கியமான தகவலும் போய்விடும். சிகிச்சை அந்த 10 நாளுக்காகக் காத்திருக்காது, உடனே தொடங்க வேண்டும். இரு வீட்டாரும் சமாதானமாகிவிட்டாலும் கடியை உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள், அடுத்த முறை கடிபடுகிறவர் வேறொருவராக இருக்கலாம்.

பேச்சில் தீராதபோது படிப்படியாகப் போகலாம். குரைப்பு வழக்கில் பதிவின் நகலோடு ஒரு கடிதம், பிறகு குடியிருப்போர் சங்கம் அல்லது வீட்டு உரிமையாளர், பிறகு உள்ளாட்சி, அதன் பிறகுதான் காவல்துறையும் நீதிமன்றமும். இன்னொரு வீட்டாரும் தனியாக எழுதிய பதிவு இருந்தால் பலம் பல மடங்கு. உங்கள் நோட்டைப் பார்த்து எழுதியதாக இருக்கக் கூடாது. பாய்ச்சல், கடி வழக்கில் இந்தப் படிகளையெல்லாம் ஏற வேண்டியதில்லை, நேராக அதிகாரியிடம் போகலாம். எந்த நிலையிலும் கல் எறியாதீர்கள். எறிந்தவரை நாய் மறக்காது, உங்களைக் கண்டால் மட்டும் பாய்கிற நாயை நீங்களே உருவாக்கிவிடுவீர்கள். விஷம் வைப்பது குற்றம், கொடூரமான சாவு. அதைத் தின்பது எந்த நாய், எந்தக் குழந்தையின் கை அதில் படும் என்பது வைப்பவர் கையில் இல்லை.

ஒப்பந்தம் ஆன பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள். நாற்பது நிமிடம் பதினைந்தாகக் குறைந்திருந்தால் அதை நாய்க்காரருக்கு எண்ணோடு சொல்லுங்கள். வீட்டில் இல்லாதபோது நடப்பது அவருக்கு வேறு எப்படியும் தெரியாது, பயிற்சியைத் தொடர அந்த எண்தான் தெம்பு. வேலை நேரம் மாறினால், விருந்தாளி வந்து போனால், குழந்தை பிறந்தால் பழைய குரைப்பு சில நாள் திரும்பும். அது பயிற்சி தோற்றதாகாது, முன்பைவிடச் சீக்கிரம் அடங்கும். அப்போது பழைய நோட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு போகாமல், அந்த வாரத்துப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள்.